அதே 60, வேறு வேறு கார்டு: 1060 முதல் 5060 வரை

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணினான். “அண்ணா, என் 3060 கிராஃபிக்ஸ் கார்டை வித்துட்டு 5060 வாங்கிடவா? ரெண்டு ஜெனரேஷன் தாண்டுது, ஃப்ரேம் டபுள் ஆயிடும்ல?” கேம் ஓடும்போது நொடிக்கு எத்தனை படம் கார்டு வரைகிறது என்பதுதான் அவன் சொல்லும் ஃப்ரேம். ஆகாதுடா என்று சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் அவன் அப்படி நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை, பெட்டி மேல் இருக்கும் எண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 1060, 2060, 3060, 4060, 5060 என்று படிக்கட்டு மாதிரி இருக்கிறது. ஏறிப் பார்த்தால்தான் தெரியும், ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது விரற்கடை உயரம், நடுவில் ஒரு படி பாதி ஏறி பாதி இறங்குகிறது.

அதனால் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். என்விடியா கம்பெனியின் 60 வரிசையை (எண் 60-ல் முடிகிற, நடுத்தர விலைக் கார்டுகள்) எடுத்ததற்குக் காரணம், நம்மில் முக்கால்வாசிப் பேர் கடைசியில் வாங்குவது அதைத்தான். விலை உச்சத்தில் இருக்கும் 90-ஐப் பற்றி வீடியோ பார்ப்போம், 60-ஐ வாங்குவோம்.

ஜிடிஎக்ஸ் 1060 வந்தது 2016 ஜூலையில். 6 ஜிபி மெமரி, 120 வாட், ஆரம்ப விலை 249 டாலர். அதற்கு முந்தைய தலைமுறையில் 549 டாலருக்கு இறங்கிய 980 என்ன வேகம் கொடுத்ததோ, கிட்டத்தட்ட அதே வேகத்தைப் பாதிக்கும் குறைவான விலையில் கொடுத்தது. ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையின் வன்பொருள் கணக்கெடுப்பில் பல வருஷம் முதலிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது சும்மா இல்லை.

நான் முதலில் ஏமாந்ததும் இந்தப் பெயரில்தான். 1060 என்று கேட்டு வாங்கி வந்து, மாட்டி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்தால் 3 ஜிபி. கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு “மெமரி மட்டும்தான் சார் கம்மி, கார்டு ஒண்ணுதான்” என்றார். கார்டு ஒன்று இல்லை. 6 ஜிபி பதிப்பில் 1280 கோர் (கணக்குப் போடும் சிறு அலகு), 3 ஜிபி பதிப்பில் 1152 கோர், பெயர் மட்டும்தான் ஒன்று. இதே வேலை 3060-லும் நடந்தது: 2021-ல் வந்த 12 ஜிபி கார்டுக்கு 192 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவில் இருக்கும் பாதை), 2022 கடைசியில் வந்த 8 ஜிபி கார்டுக்கு 128 பிட் பஸ், பெட்டியில் இரண்டுக்கும் 3060 என்றே பெயர். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் பஸ் அகலத்தைப் பார்த்துவிடுங்கள், பெயரை அப்புறம் பார்க்கலாம். (3 ஜிபி கார்டை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு 6 ஜிபி வாங்கினேன். அதுதான் இன்றைக்கும் ஓடுகிறது.)

ஆர்டிஎக்ஸ் 2060, 2019 ஜனவரி. வேகம் 1060-ஐ விட சுமார் 50, 60 சதவீதம் அதிகம். இந்த வரிசையிலேயே பெரிய படி இதுதான். ஆனால் விலை 349 டாலர், அதாவது 40 சதவீத ஏற்றம், ஏறிய வேகத்தில் பெரும்பகுதியைக் காசாகவே திருப்பிக் கட்டினோம். சிப்பும் 200 சதுர மில்லிமீட்டரிலிருந்து 445-க்குப் போய்விட்டது. ரே டிரேசிங்குக்கென்று (ஒளி எப்படிப் பட்டுத் தெறிக்கும் என்று கணக்கிட்டு வரைவது) தனி கோர், டிஎல்எஸ்எஸ்ஸுக்கு (சின்னதாக வரைந்த படத்தை ஏஐ வைத்துப் பெரிதாக்கும் அப்ஸ்கேலிங்) டென்சர் கோர் என்று புதிதாகச் சேர்த்ததில் கொஞ்சம் இடம் போனது. அப்போது 1060 வைத்திருந்த நாங்கள் எல்லாரும் சிரித்தோம், ரே டிரேசிங்கை ஆன் பண்ணினால் 2060 மூச்சு வாங்கும், முதல் டிஎல்எஸ்எஸ் படத்தைக் குழப்பி வைக்கும், இதுக்கு நூறு டாலர் கூடவா என்று.

சிரித்தது நாங்கள்தான், மாட்டிக்கொண்டதும் நாங்கள்தான். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் வன்பொருள் இருந்தே ஆகவேண்டும் என்கின்றன. செட்டிங்ஸைக் குறைத்து ஓட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஆலன் வேக் 2 வந்தபோது மெஷ் ஷேடர் என்கிற புதிய வரைகலை வசதி இல்லாத 10 வரிசை கார்டுகள் தடுமாறின, பிறகு ஒரு பேட்ச் போட்டுத்தான் ஓரளவு தேறின. ஃப்ரேம் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இது எதுவுமே பட்டியலில் வராது. வேகத்தில் மெதுவான கார்டு 30 ஃப்ரேமிலாவது ஓட்டும், தகுதி இல்லாத கார்டு மெனுவைக்கூடக் காட்டாது. 2025-ல் வந்த டிஎல்எஸ்எஸ் 4-இன் புதிய அப்ஸ்கேலிங் மாடல் 2060-லும் வேலை செய்கிறது, வாங்கும்போது இருந்ததைவிட ஆறு வருஷம் கழித்துப் படம் நன்றாகத் தெரிகிற கார்டு என்று அதைத்தான் சொல்ல முடியும். எங்கள் 1060-க்கு ஆறுதல் தந்தது, வேடிக்கையாக, எதிர்க்கடை ஏஎம்டிதான். 2021-ல் அவர்கள் விட்ட எஃப்எஸ்ஆர் என்கிற அப்ஸ்கேலிங் என்விடியாவின் பழைய கார்டிலும் ஓடியது.

அடுத்து 3060, 2021 பிப்ரவரி. இங்கேதான் கோர் எண்ணிக்கையை நம்புகிறவர்கள் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். 2060-ல் 1920 கோர், 3060-ல் 3584. கிட்டத்தட்ட இரட்டிப்பு, ஆனால் கேமில் கிடைத்தது சுமார் 15 முதல் 20 சதவீதம். மீதி எங்கே போனது? எங்கும் போகவில்லை, எண்ணுகிற முறைதான் மாறியது. கோர்களை எஸ்எம் என்கிற கொத்தாகக் கட்டுவார்கள். 2060-ல் 30 கொத்து, 3060-ல் 28 கொத்து, உண்மையில் இரண்டு குறைவு! 3060-ன் ஆம்பியர் தலைமுறையில் ஒரு கொத்துக்கு 64 என்று இருந்ததை 128 என்று கணக்குக் காட்டினார்கள். பொய் இல்லை, அத்தனை தசமக் கணக்கை ஒரே சமயத்தில் செய்யும்தான். ஆனால் புதிதாகச் சேர்ந்த பாதி, முழு எண் கணக்கு வந்தால் அதற்கும் போய் நிற்க வேண்டும், கேம்களில் அது வந்துகொண்டே இருக்கும். ஆக, ஒரே தலைமுறைக்குள் கோர்களை ஒப்பிடுங்கள், தலைமுறை தாண்டினால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

3060-ன் அந்த 12 ஜிபி ஒரு அதிர்ஷ்டக் கதை. 192 பிட் பஸ்ஸில் ஆறு மெமரி சிப் வைக்கலாம், ஒவ்வொன்றும் 1 ஜிபி என்றால் 6, 2 ஜிபி என்றால் 12. நடுவில் 8 வைக்க வழியில்லை. 2021-ல் 6 ஜிபி வைத்தால் மானம் போகும், அதனால் 12. மேலே இருந்த 3070-க்கே 8 ஜிபிதான், முதலில் வந்த 3080-க்கு 10! அன்றைக்குக் கார்டை வைத்து கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனிங் பைத்தியம் உச்சத்தில் இருந்ததால் 329 டாலர் என்பது காகிதத்தில்தான், மைனிங் வேகத்தைப் பாதியாகக் குறைக்கப் பூட்டுப் போட்டுவிட்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் டிரைவரையும் என்விடியாவே தவறுதலாக வெளியே விட்டது. அந்தக் கூத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது 3060-ம் 4060-ம். நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கவேண்டிய ஜோடி இதுதான், என் கருத்தில் தலைமுறை ஒப்பீட்டின் சிக்கல் அத்தனையும் இதற்குள் இருக்கிறது.

4060 வந்தது 2023 ஜூன் கடைசியில், 299 டாலர். 1080பி (1920x1080) ரெசல்யூஷனில் 3060-ஐ விடச் சுமார் 15 முதல் 20 சதவீதம் வேகம். மெமரி 12-லிருந்து 8-க்கு இறங்கியது. பஸ் 192-லிருந்து 128. மெமரியிலிருந்து நொடிக்கு இழுக்கக்கூடிய அளவு 360 ஜிபி-யிலிருந்து 272 ஜிபி. இதற்குப் பதிலாக எல்2 கேஷை 3 எம்பி-யிலிருந்து 24 எம்பி ஆக்கினார்கள், அடிக்கடி வேண்டியதை சிப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டால் வெளியே போகவேண்டிய வேலை குறையும் என்ற கணக்கு. 1080பி-யில் அந்தக் கணக்கு நன்றாகவே பலிக்கிறது. ரெசல்யூஷன் ஏற ஏற கேஷில் கிடைக்காமல் வெளியே ஓடவேண்டியது கூடும், 3060-க்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கும்.

சிப்பின் உள்பெயரையும் பாருங்கள். 1060-க்கு ஜிபி106, 2060-க்கு டியு106, 3060-க்கு ஜிஏ106. 4060-க்கு மட்டும் ஏடி107. ஆறு ஏழாகிவிட்டது, 107 என்பது வழக்கமாக 50 வரிசைக்குப் போகிற சின்ன சிப். 3060-ன் சிப் 276 சதுர மில்லிமீட்டர், இது 159. ஒரு படி கீழே இருக்கவேண்டிய பையனுக்கு அண்ணன் சட்டையைப் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று நான் சொல்வதுண்டு. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அந்தச் சின்ன சிப்புதான் 170 வாட் வேலையை 115 வாட்டில் செய்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளையை) மாற்றவேண்டாம், மே மாத மத்தியானத்தில் அறை அடுப்பாகாது, கரண்ட் போனால் வீட்டு யூபிஎஸ் கொஞ்ச நேரம் கூடத் தாங்கும். ஃப்ரேம் பட்டியலில் வராவிட்டாலும் நம் ஊரில் இதெல்லாம் பெரிய விஷயம்.

8 ஜிபி போதுமா என்ற சண்டைக்கு வருவோம். சராசரி ஃப்ரேமை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் போதும் என்றுதான் தெரியும். மெமரி நிரம்பி வழியும்போது சராசரி அவ்வளவாக விழாது. மிக மெதுவாக வரும் அந்தக் கடைசி ஒரு சதவீத ஃப்ரேம்கள்தான் விழும், கை ஓடுகிற நேரத்தில் திரை கொக்கி போட்டு நிற்கும், இல்லாவிட்டால் கேம் சத்தமில்லாமல் டெக்ஸ்ச்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படத்தை) குறைத்துச் சுவரைக் களிமண் மாதிரிக் காட்டும், பட்டியலில் எண் மட்டும் அழகாக இருக்கும். 2023-ல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பிசி-க்கு வந்தபோது 8 ஜிபி கார்டுகள் பட்ட பாடு அதுதான். டெக்ஸ்ச்சரை முழுக்க ஏற்றினால், வேகம் குறைந்த 3060 வேகம் கூடிய 4060-ஐ முந்துகிற கேம்கள் இருக்கின்றன.

இதில் இன்னொரு வலி உண்டு. 4060-க்கும் 5060-க்கும் பிசிஐஇ பாதை (கார்டு மதர்போர்டோடு பேசும் வழி) எட்டுதான், பதினாறு இல்லை. புது மதர்போர்டில் கவலையில்லை. பழைய பிசிஐஇ 3.0 போர்டில் அந்த எட்டு பாதையில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி-தான் போகும். கார்டுக்குள் 272 ஜிபி வேகத்தில் வருவது, வழிந்து வெளியே போனால் 8 ஜிபி வேகத்தில் வரும். யார் 60 வரிசை வாங்குகிறார்கள்? பழைய போர்டு வைத்திருக்கிறவர்கள்தான். சித்தி பையனுடையது பத்தாம் தலைமுறை ஐ5, அதுவும் 3.0.

5060, 2025 மே மாதம், அதே 299 டாலர், 145 வாட். மறுபடி 206 என்று ஆறில் முடியும் சிப்புக்கு வந்துவிட்டார்கள், ஜிடிடிஆர்7 மெமரியால் 128 பிட் பஸ்ஸிலேயே 448 ஜிபி வேகம் கிடைக்கிறது, 4060-ஐ விடச் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் வேகம். நல்ல கார்டு. 8 ஜிபி மட்டும் இல்லாவிட்டால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

ஆனால் என்விடியாவின் விளம்பர வரைபடங்களில் இந்த 20 சதவீதம் எங்கும் தெரியாது, அங்கே கோபுர உயரத்துக்குப் பச்சைக் கம்பம் நிற்கும். 2025 ஜனவரியில் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் 549 டாலர் 5070-ல் 4090-ன் திறன் கிடைக்கும் என்றாரே, அதே வித்தை. கார்டு வரைகிற இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் மூன்று ஃப்ரேம்வரை ஊகித்துச் செருகுகிறது (இதுதான் ஃப்ரேம் ஜெனரேஷன்), எண்ணிக்கை ஏறுகிறது, பார்க்க வழவழப்பாகவும் இருக்கிறது. மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் உள்ள தாமதம் மட்டும் அசல் ஃப்ரேம் கணக்கிலேயே நிற்கும், சமயத்தில் கொஞ்சம் கூடும். 60, 70 அசல் ஃப்ரேம் இருக்கும்போது இதைப் போட்டால் சுகம். 25-ல் போட்டால் சேற்றில் நடக்கிற மாதிரிதான். இந்தச் செருகல் மெமரியையும் தின்னும், 8 ஜிபி கார்டுக்கு அது வேறு. தலைமுறை ஒப்பீடு எதைப் பார்த்தாலும் ஃப்ரேம் ஜெனரேஷன் அணைத்த எண்ணை முதலில் தேடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

எதிர்க்கடைகளைப் பற்றிச் சுருக்கமாக. இன்டெலின் பி580, 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபி-யோடு வந்தது, பார்க்க ஆசையாக இருக்கும், பழைய பிராசசரோடு சேர்த்தால் பொசுக்கென்று வேகம் குறைந்துவிடும், அதனால் புதிதாக முழு சிஸ்டம் கட்டுகிறவர்களுக்கு மட்டும். ஏஎம்டி 9060 எக்ஸ்டி, 2025 ஜூன், 16 ஜிபி 349 டாலர், பாதை பதினாறும் இருக்கிறது. இதிலும் 8 ஜிபி பதிப்பு ஒன்று அதே பெயரில் அலைகிறது, 1060 கதை ஞாபகம் இருக்கட்டும்.

சரி, சித்தி பையனுக்கு என்ன சொன்னேன்? 3060-லிருந்து 5060-க்குப் போனால் சுமார் 40 சதவீதம் வேகம் கிடைக்கும், 4 ஜிபி போய்விடும், அதுவும் உன் 3.0 போர்டில். விற்காதே, வைத்துக்கொள், டெக்ஸ்ச்சரைக் குறைக்காமல் டிஎல்எஸ்எஸ்ஸைப் போட்டு ஓட்டு. 2060 வைத்திருக்கிற அவன் நண்பனுக்கு வேறு பதில், 6 ஜிபி-யிலிருந்து எங்கே போனாலும் லாபம்தான். 4060 வைத்திருக்கிறவர் 5060 பக்கம் திரும்பவே வேண்டாம்.

“அப்ப நீங்க?” என்றான். 1060-க்குப் புது கேம்களுக்கான கேம் ரெடி டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனி 2028 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். இங்கிருந்து 5060-க்கே போனாலும் இரண்டரை மடங்குக்கு மேல் வேகம். ஆனால் என்னுடையது பி450 போர்டு, அதுவும் 3.0 என்பதால் பதினாறு பாதை உள்ள 9060 எக்ஸ்டி 16 ஜிபி-யைப் பார்த்து வைத்திருக்கிறேன். கேபினெட் சின்னது, ஞாயிற்றுக்கிழமை திறந்து ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழற்றினால் கார்டு நீளத்துக்கு இடம் இருக்குமா என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும்.