ஷிப்ட் கணக்கு ஓட்டும் எஸ்எஸ்ஐஎஸ்: நான்கு வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவன் சொல்வது

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வரவில்லை என்றால் என்ன நடக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பனியன் கம்பெனிக்கு நான்கு யூனிட். ஒவ்வொரு யூனிட்டிலும் கைரேகை மெஷின். தினமும் ராத்திரி ஒரு சிஎஸ்வி ஃபைல் (கமாவால் பிரித்த சாதா எழுத்து ஃபைல்) வந்து விழும். யார் ஒரு ஷிப்ட், யார் ஒன்றரை என்பதெல்லாம் அந்த ஃபைலில்தான் இருக்கும். அதை எடுத்து, சுத்தம் செய்து, சம்பள டேட்டாபேஸில் சேர்ப்பதற்கு மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் இன்டக்ரேஷன் சர்வீசஸ், சுருக்கமாக எஸ்எஸ்ஐஎஸ், வைத்திருக்கிறோம். 2019 பதிப்பு, ஸ்டாண்டர்ட் எடிஷன், டேட்டாபேஸ் இருக்கும் அதே சர்வரில்.

இன்ஸ்டால் செய்வது ஒரு டீ நேர வேலை. எஸ்கியூஎல் சர்வர் செட்அப்பில் ஒரு டிக் கூடுதலாக அடித்தால் போதும். பிறகு கேட்டலாக் உருவாக்க வேண்டும், அதாவது பேக்கேஜ்களும் (எடுத்து ஏற்றும் படிகளைக் கோத்த வேலைத் தொகுப்புகள்) அவை ஓடிய குறிப்புகளும் இருக்கும் இடம். சிஎல்ஆரை (சர்வருக்குள் டாட்நெட் நிரல் ஓடவிடும் வசதி) இயக்கச் சொல்லும், ஒரு பாஸ்வேர்டு கேட்கும், எஸ்எஸ்ஐஎஸ்டிபி என்று ஒரு டேட்டாபேஸ் முளைக்கும். அந்தப் பாஸ்வேர்டை ஏதோ ஒன்று அடித்துவிட்டு நெக்ஸ்ட் கொடுத்துப் போகிறவர்கள்தான் அதிகம். எஸ்எஸ்ஐஎஸ்டிபியின் மாஸ்டர் கீயை, அதாவது உள்ளே இருக்கும் ரகசியங்களைக் காக்கும் சாவியை, பூட்டிவைத்திருப்பது அதுதான். நாளைக்கு இந்த டேட்டாபேஸை வேறு சர்வரில் ரீஸ்டோர் செய்தால் முதலில் அதைத்தான் கேட்கும். நான் அதை ஒரு காகிதத்தில் எழுதிச் சம்பள பீரோவில் வைத்தேன். மாஸ்டர் கீயையும் தனியாக பேக்கப் எடுத்திருக்கிறேன்.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012 பதிப்பில் வந்த இந்தக் கேட்டலாக்தான் இதன் உயிர். எந்த பேக்கேஜ் எத்தனை மணிக்கு ஓடியது, எந்தப் படியில் நின்றது என்று ரிப்போர்ட்டில் வரிசையாக வந்துவிடும். அதற்கு முன்னால் லாக் ஃபைலைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்தவன் நான். அருமை எனக்குத் தெரியும். வேகத்திலும் குறை இல்லை. நான்கு யூனிட் வருகைப் பதிவும் டீ ஆறுவதற்குள் ஏறிவிடும்.

இனி அழுத விஷயங்கள்.

கேட்டலாக் தன் குறிப்புகளை 365 நாள் வைத்துக்கொள்ளும். யாரும் மாற்றாதவரை அதுதான் கணக்கு. நான் ஒரு பிழையைத் தேடும்போது லாகிங்கை வெர்போஸில் (எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதும் அளவு) வைத்துவிட்டு, திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் பேக்கேஜ் வேறு. எட்டு மாதத்தில் எஸ்எஸ்ஐஎஸ்டிபி எங்கள் சம்பள டேட்டாபேஸைவிடப் பெரிதாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி டிஸ்க் நிறைந்தது. பதறிப்போய் 365ஐ ஒரே அடியாக 30 ஆக்கினேன். அதுவும் தப்பு. அழிக்கும் வேலை அடுக்கடுக்காகப் பல டேபிளைத் தொடுவதால் டிரான்சாக்ஷன் லாக் (ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் ஃபைல்) வீங்கி, மிச்சமிருந்த இடத்தையும் தின்றது. 330, 300, 270 என்று படிப்படியாக இறக்கியிருக்க வேண்டும். இந்த அழிக்கும் வேலை நடுராத்திரி 12 மணிக்குத் தானாக ஓடும். என் லோடிங் வேலையையும் அதே 12 மணிக்குத்தான் வைத்திருந்தேன். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது புரியவே ஒரு மாதம் ஆனது, இப்போது 12.40க்கு ஓடுகிறது.

மெமரி இன்னொரு சங்கதி. எங்கள் சர்வரில் 64 ஜிபி. எஸ்கியூஎல் சர்வருக்கு மேக்ஸ் மெமரி 56 என்று தாராளமாகக் கொடுத்திருந்தேன். எஸ்எஸ்ஐஎஸ் அந்த 56க்குள் வராது, தனி இலையில் உட்கார்ந்து சாப்பிடும். இடம் போதாதபோது பஃபரை (மெமரியில் தற்காலிகமாக வைத்திருக்கும் வரிகளை) டெம்ப் ஃபோல்டரில், அதாவது சி டிரைவில், எழுத ஆரம்பித்துவிடும். பிறகு எல்லாமே மாட்டு வண்டிதான். 44 ஆகக் குறைத்தேன். பேக்கேஜுக்குள் இருந்த சார்ட் பெட்டியைத் தூக்கிவிட்டு, வரிசைப்படுத்துவதை டேபிளிலேயே ஆர்டர் பை வைத்து முடித்தேன். சார்ட் பெட்டி எல்லா வரிகளையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் முதல் வரியையே வெளியே விடும். நாலு லட்சம் வரிக்கு அது கட்டுப்படியாகாது.

தமிழ்ப் பெயர் கதை தனி. ஃப்ளாட் ஃபைல் கனெக்ஷன் (சிஎஸ்வியைப் படிக்கும் இணைப்பு) 1252 கோட்பேஜில், அதாவது மேற்கத்திய எழுத்துகளுக்கான பட்டியலில், திறக்கும். அதில் தமிழுக்கு இடமே கிடையாது. 65001க்கு, அதாவது யூடிஎஃப்-8க்கு, மாற்றினேன். பெயர்ப் பத்தியின் வகை பழைய ஸ்ட்ரிங்காகவே இருந்ததால் 50 என்ற அளவு பைட்டில் எண்ணப்பட்டது. முத்துலட்சுமி என்ற பெயர் மட்டுமே யூடிஎஃப்-8இல் 39 பைட். அப்பா பெயரும் சேர்ந்தால் பாதியில் வெட்டு. யூனிகோட் ஸ்ட்ரிங் ஆக்கிய பிறகு உள்ளே சரியாக வந்தது. ஆனால் கடைசியில் போய்ச் சேரும் சம்பள டேபிளில் பெயர் வார்ச்சாராக (யூனிகோட் அல்லாத எழுத்து வகை) இருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் சம்பள அக்கா போன் செய்தார்: "சார், பேரெல்லாம் கேள்விக்குறியா வந்திருக்குதுங்க, யாருக்குன்னு காசு குடுக்கறது?" என்வார்ச்சாராக (யூனிகோட் வகை) மாற்றிய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தது.

இன்னொன்று. பேக்கேஜ் தன் பாஸ்வேர்டுகளை, அதை உருவாக்கிய ஆளின் விண்டோஸ் லாகினை வைத்துப் பூட்டும். நாம் மாற்றாவிட்டால் அப்படித்தான். நான் கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி போயிருந்தபோது, எங்கள் ஆபீஸ் தம்பி அதைத் தன் லேப்டாப்பில் திறந்து, சின்னத் திருத்தம் செய்து டிப்ளாய் பண்ணிவிட்டான். பாஸ்வேர்டு காலி, ராத்திரி வேலை அம்போ. அவனைத் திட்டிப் பயனில்லை. முதல் நாளே டோன்ட்-சேவ்-சென்சிட்டிவ் (பேக்கேஜுக்குள் பாஸ்வேர்டையே வைக்காத அமைப்பு) வைத்து, பாஸ்வேர்டைக் கேட்டலாக்கின் என்விரான்மென்ட்டில் (சர்வரிலேயே மதிப்புகளை வைக்கும் பட்டியல்) போட்டிருக்க வேண்டியவன் நான். டார்கெட் சர்வர் வெர்ஷனையும் (எந்தச் சர்வர் பதிப்புக்காகக் கட்டுகிறோம் என்ற அமைப்பு) பார்த்துக்கொள்ளுங்கள். பேக்கேஜ் கட்டும் விஷுவல் ஸ்டுடியோ புதிய பதிப்புக்குக் கட்ட, சர்வர் அதைவிடப் பழைய பதிப்பில் இருந்தால் பேச்சுவார்த்தையே இல்லை.

யாருக்கு வேண்டாம் என்றால், இரண்டு மூன்று சிஎஸ்வி மட்டும் ஏற்றுகிறவர்களுக்கு. பல்க் இன்சர்ட்டும் (ஃபைலை நேரே டேபிளில் ஏற்றும் கட்டளை) ஒரு ஏஜென்ட் ஜாபும் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போதும். எஸ்கியூஎல் சர்வரின் இலவசமான எக்ஸ்பிரஸ் எடிஷன்காரர்கள் ஆசைப்படவே வேண்டாம். அதில் எஸ்எஸ்ஐஎஸ்ஸும் இல்லை, ஏஜென்ட்டும் இல்லை. பழகிப் பார்க்க டெவலப்பர் எடிஷன் இலவசம். ஆனால் அதில் நிஜச் சம்பளம் ஓட்டக் கூடாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். போன மாதம் முதலாளி, "அதைத் தனி சர்வர்ல வெச்சரலாமுங்களா?" என்று கேட்டார். அந்தச் சர்வருக்கும் எஸ்கியூஎல் லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். ராம் வாங்கிப் போடச் சொல்லிவிட்டார்.