பி-17 பிளாஸ்டிக் கிட்: எல்லாம் சரி, ரேடியோ அறையில் கோட்டை விட்டுவிட்டார்கள்

அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானத்தின் 1/72 அளவு (அசலில் 72-ல் ஒரு பங்கு) கிட், அதாவது பாகங்களை நாமே ஒட்டிச் செய்யும் பொம்மை விமானம் ஒன்றை பெங்களூரில் ஒரு ஹாபி கடையில் வாங்கினேன். ரூ. 4,000-க்கு மேல் ஆகிவிட்டது, பசையும் பெயின்ட்டும் தனிச் செலவு. கடைக்காரர் நம்மூர் ஆள். "உள்பக்கம் முழுக்க முதல்ல பெயின்ட் அடிச்சிடுங்க சார், உடம்பை ஒட்டிட்டா அப்புறம் விரலே போகாது" என்றார், அது நூற்றுக்கு நூறு உண்மை.

பாகங்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 44 செ.மீ. வரும், வீட்டில் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கண்ணாடிப் பாகங்களுக்கு மட்டும் சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி பட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும், ஃபெவிகால் போதும்.

என் ஆதங்கம் ரேடியோ அறை. விமானி நாற்காலிக்கும் குண்டு அடுக்குக்கும் அவ்வளவு மெனக்கெட்டவர்கள், அதற்குப் பின்னால் இருக்கிற இந்த அறைக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, வெறும் சுவர் என்று முடித்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பி-17 ஒன்றில் ரேடியோ இயக்கிய அமெரிக்க வீரர் ஃபாரஸ்ட் வோஸ்லர் இருந்தது இப்படி ஒரு அறையில்தான்.

1943 டிசம்பர் 20, ஜெர்மனியின் பிரெமன் மீது குண்டு போடப் போன விமானம், வோஸ்லருக்கு வயது 20. எதிரியின் 20 மி.மீ. பீரங்கிக் குண்டு ஒன்று அறைக்குள்ளேயே வெடித்துக் கால்களைக் கிழித்தது, வால் பக்கத்துத் துப்பாக்கிக்காரரும் படுகாயம், பின்பக்கத்தைக் காக்க ஆளில்லை என்று இவர் தன் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குண்டு வெடித்து நெஞ்சிலும் முகத்திலும் பாய்ந்து, இரண்டு கண்ணிலும் உலோகத் துண்டு ஏறிவிட்டது. அப்புறமும் சுட்டார். கடலில் இறங்கப் போகிறோம் என்று விமானி சொன்னபோது ரேடியோ செத்துக் கிடந்தது. கண் தெரியாமல், நடுநடுவே மயங்கி விழுந்துகொண்டே, கையால் தடவித் தடவி அதைச் சரிசெய்து உதவி கேட்டுச் செய்தி அனுப்பினார். விமானம் தண்ணீரில் இறங்கியதும் இறக்கை மேல் தானே ஏறி, அந்த வால் துப்பாக்கிக்காரர் வழுக்கி விழாமல் பிடித்துக்கொண்டார். 1944 ஆகஸ்டில் அதிபர் ரூஸ்வெல்ட் கையால் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் வாங்கினார். ஒரு கண் போனது போனதுதான்.

அந்த அறையை வெறும் சுவராக விட எனக்கு மனசு வரவில்லை. மிச்சப் பிளாஸ்டிக்கை நறுக்கி ரேடியோப் பெட்டிகள் செய்தேன், பழைய இயர்ஃபோனை உரித்துச் செப்புக் கம்பி இழுத்தேன்.

 

கொடுத்த காசுக்கு மோசமில்லை, வாங்கலாம். ஆனால் வோஸ்லரின் விமானத்தையே செய்யப் போகிறேன் என்றால் இந்தப் பெட்டி உதவாது. இது பி-17-ன் ஜி மாடல், மூக்குக்குக் கீழே துப்பாக்கிக் கூண்டு துருத்திக்கொண்டிருக்கும். அவருடையது எஃப் மாடல், அப்படியே கேட்டு வாங்குங்கள்.