மின்சாரம் எடுக்கக் காற்றாலைக் காத்தாடியா, சோலாரா?

ஆடி மாதம் பல்லடத்திலிருந்து உடுமலை போகும் வழியில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். பாலக்காட்டுக் கணவாய், மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத் திறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று அதில் நெருக்கியடித்துக்கொண்டு நம் பக்கம் வருகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வைகாசி முதல் புரட்டாசி வரை காத்தாடிக்கு அறுவடைக் காலம். மாசியில் அதே காத்தாடி பெரும்பாலும் சும்மா நிற்கும்.

சோலாரில் சுழல எதுவும் இல்லை. வெயில் பட்டதும் சிலிக்கான் தகட்டில் எலக்ட்ரான்கள் நகர்ந்து நேர்மின்னோட்டம் வரும். இன்வெர்ட்டர் அதை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி மாடி, நாளுக்குச் சராசரியாக 4 யூனிட். சித்திரை வெயிலில் கொட்டும் என்று நினைக்காதீர்கள், தகடு சூடேறினால் உற்பத்தி குறையும். எங்கள் மாடியில் ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரே தகட்டில் விழ, அந்த வரிசையே மங்கிவிட்டது. மட்டையை வெட்டினோம், சரியானது. அப்புறம் தூசி. விடியலில், தகடு சூடாகும் முன் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும்.

வீட்டுக்கு சோலார்தான், யோசிக்கவே வேண்டாம். 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நூற்பாலைக்குக் கதை வேறு: மில் மூன்று ஷிப்டும் ஓடும், ஆடிக்காற்று இரவிலும் வீசும். நானாக இருந்தால் மில்லுக்கு இரண்டும் போடுவேன். காற்று ஓய்ந்த மாசியில்தான் நம் ஊர் வானம் பளிச்சென்று இருக்கும்.