எழுத்தில்லாப் புத்தகம்: கம்போடியாவில் எப்படி இருந்தது?

சிங்கப்பூரில் எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து சியெம் ரீப் பக்கம் ஊழியத்துக்குப் போனபோது, இந்த வண்ணப் புத்தகத்தைத்தான் கொண்டுபோனேன். உள்ளங்கை அளவு, எழுத்தே கிடையாது. பக்கத்துக்கு ஒரு நிறம், அதைக் காட்டி இயேசுவின் நற்செய்தியைச் சொல்ல வேண்டும். 1866இல் லண்டன் போதகர் ஸ்பர்ஜன் இதைப் பற்றிப் பிரசங்கித்தபோது கறுப்பு, சிவப்பு, வெள்ளை மட்டும்தான். 1875இல் அமெரிக்கப் பிரசங்கியார் டி. எல். மூடி பொன்னிறம் சேர்த்தார். பச்சை பிறகு வந்தது.

அங்கே பேசும் கெமர் மொழி தெரியாத எனக்கு இது பெரிய உதவி. மொழிபெயர்ப்பாளர் அக்கா ஒரு வரி சொல்வார், நான் பக்கம் திருப்புவேன். குழந்தைகள் நெருக்கியடித்துத் தொட்டுப் பார்த்தார்கள். ஆனால் வெயிலிலும் வியர்வையிலும் பொன் தாள் உரிந்து விரலில் மினுமினுத்தது. இந்த விலைக்கு இன்னும் நல்ல தாள் போட்டிருக்கலாம்.

பெரிய குறை கறுப்புப் பக்கம். என்னைப் போலவே கறுத்த பிள்ளைகளிடம் “கறுப்பு என்றால் பாவம்” என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. “இருட்டு” என்றுதான் சொன்னேன். வெள்ளையும் அப்படித்தான், புத்தகத்தில் அது பாவம் நீங்கிய தூய மனதுக்கு அடையாளம், ஆனால் அங்கே துக்க வீட்டில் உடுத்துவது வெள்ளை. அதனால் பொன் பக்கத்தில் தொடங்கி, தேவன் உன்னை நேசிக்கிறார் என்பதை முதலில் சொன்னேன். அது நன்றாகவே எடுபட்டது.

இன்னொன்று: அங்கே வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிக்க அனுமதி இல்லை. உள்ளூர் சபை அழைத்த இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். வாங்குவதானால் துணியில் தைத்ததை வாங்குங்கள்.