அண்ணா நகர் லேப்பில் சிஏ 19-9 டெஸ்ட்: ஊசி சரி, ரிப்போர்ட்தான்...

மதுரை அண்ணா நகரில் இருக்கும் ஒரு லேப், பெயர் வேண்டாம். மேலூரில் இருக்கும் என் மாமனாருக்குக் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. கீழாநெல்லிக்கும் இறங்கவில்லை. ஸ்கேனில் பித்தக்குழாய் அடைத்து வீங்கியிருப்பது தெரிந்ததும் டாக்டர் சிஏ 19-9, சிஇஏ என்று கேன்சருக்காகப் பார்க்கும் இரண்டு ரத்த மார்க்கர் டெஸ்ட்டையும் எழுதிக் கொடுத்தார்.

ரத்தம் எடுக்கும் பிள்ளை கெட்டிக்காரி. மாமாவுக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டம், ஆனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே முழங்கை மடிப்பைத் தடவிப் பார்த்து ஒரே குத்தில் எடுத்துவிட்டது. “காமாலை இருந்தா ரத்தம் லேசுல நிக்காது தாத்தா, பஞ்சை விடாம அழுத்துங்க” என்று சொல்லி நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்தது. முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் மாத்திரை ஏதும் போடுகிறாரா என்றும் கேட்டது. சில மெஷின்களில் அது அளவையே மாற்றிக் காட்டிவிடுமாம். மாமா வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

ரிப்போர்ட் ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்தது. 37-க்குள் இருக்க வேண்டிய சிஏ 19-9 அறுநூறைத் தாண்டி, பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘ஹை’. விளக்கமாக ஒரு வரி கிடையாது. வீட்டில் அழுகை ஆரம்பித்துவிட்டது. பித்தம் அடைத்தாலே, அது வெறும் கல்லாக இருந்தாலும், குழாயில் கிருமி சேர்ந்தாலும் இந்த அளவு எகிறும், கணையத்தில் கேன்சர் என்றாலும் கூடும் என்பதை மறுநாள் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். காமாலை எவ்வளவு என்று காட்டும் பிலிருபின் அளவைப் பக்கத்தில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டுமாம். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு உடம்பில் இந்தச் சரக்கே உற்பத்தியாகாது, அவர்களுக்குக் கேன்சர் முற்றினாலும் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். சிஇஏ துணைக்குத்தான், பீடி சிகரெட் பிடித்தாலே கொஞ்சம் கூடும்.

பித்தம் வடிய அடைப்பில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்துக் காமாலை இறங்கிய பிறகு மறுபடி எடுக்கச் சொன்னார்கள். அளவு நன்றாகக் குறைந்தது, ஆனால் 37-க்குக் கீழே வரவில்லை. கேன்சர்தான் என்று உறுதி செய்தது, வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பித்தக்குழாயைப் பார்க்கும் ஈஆர்சிபியில் பிரஷ் விட்டுச் சுரண்டி எடுத்த செல்கள். ரத்தப் பரிசோதனை அல்ல. அதன் வேலை இனிமேல்தான்: ஆபரேஷனுக்குப் பிறகு இறங்குகிறதா, இறங்கியது திரும்ப ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு. ஆபரேஷனுக்குப் பிறகும் இறங்காமல் நின்றால் நல்லதில்லை என்று சர்ஜன் மறைக்காமலே சொன்னார்.

அதனால்தான் எனக்கு இந்த லேப் மேல் கோபம். எந்த மெஷினில், எந்தக் கம்பெனியின் டெஸ்ட் கிட்டில் (பரிசோதனை மருந்து செட்டில்) பார்த்தார்கள் என்று ரிப்போர்ட்டில் போடுவதே இல்லை. ஒரே ரத்தத்துக்குக் கிட்டுக்குக் கிட்டு அளவு மாறும், அப்புறம் போன தடவையோடு எதை வைத்து ஒப்பிடுவது? கவுண்ட்டரில் கேட்டால் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்கிறார்கள். போதாததற்கு, உட்கார்ந்திருந்த என்னிடம் ‘கேன்சர் பேக்கேஜ்’ ஒன்றை விற்கப் பார்த்தார்கள். ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் இந்த மார்க்கரை எடுத்தால் காசும் போகும், தூக்கமும் போகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றாலே லேசாகக் கூடும்.

ஊசிக்கு ஐந்து ஸ்டார், ரிப்போர்ட்டுக்கு இரண்டு. கிட் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தந்தால் அடுத்த டெஸ்ட்டும் இங்கேதான், இல்லையென்றால் ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரி லேப்பிலேயே முதலில் இருந்து எடுத்துக்கொள்வோம். வண்டி நிறுத்த இடம் கிடையாது, மேலூர் பக்கம் இருந்து வருகிறவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்துவிடுங்கள்.