ஆல்டர்னேட்டர் போச்சு என்று சொல்லி 18,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள். போனது டென்ஷனர்! (ஆல்டர்னேட்டர் என்பது என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது, அதைச் சுற்றும் பெல்ட்டைத் தொய்யாமல் இறுக்கிப் பிடிப்பது டென்ஷனர்.)

நேற்று ராத்திரிதான் திருநெல்வேலியிலிருந்து தாம்பரம் திரும்பினோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நாமும் ‘சரி போகட்டும்’ என்று விட்டுவிடுவோம், அந்தத் தைரியத்தில்தான் இவர்கள் தொழில் நடத்துகிறார்கள். போன பணம் 18,400 ரூபாய். ஆப்பின் பெயரை எழுதப் போவதில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை. போனில் புக் செய்தால் மெக்கானிக்கை வீட்டு வாசலுக்கே அனுப்புவார்களே, அந்த வகை. கடைசியில் டென்ஷனரைச் சோதிப்பது எப்படி என்று விவரமாக எழுதுகிறேன், கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

என்னுடையது 2014 மாடல் டீசல் கார், 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மாதமாகவே காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்ச்’ என்று ஒரு சத்தம், அரை நிமிடத்தில் நின்றுவிடும். எலி மாட்டிக்கொண்ட மாதிரி கத்துகிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் பெருங்களத்தூர் சிக்னலில் ஏசியும் ஹெட்லைட்டும் போட்டபடி நிற்கும்போது டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு இரண்டு முறை மினுக்கியது. அப்போதுதான் பயம் வந்தது, ஏனென்றால் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து, நான் தாய்மாமன், என் மடியில்தான் உட்கார்த்திக் குத்த வேண்டும், கார் மக்கர் செய்தது என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது. வழக்கமான மெக்கானிக் ஊரில் கோயில் கொடை என்று போய்விட்டார். வேறு வழி தெரியாமல் ஆப்.

வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, சுத்தமான யூனிஃபார்ம், வாய்க்கு வாய் ‘அண்ணா’. ஏசியையும் ஹெட்லைட்டையும் போடச் சொல்லிவிட்டு மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து என்னிடமே காட்டினான், 12.1 வோல்ட். “ஓடற வண்டியில பதினாலு வரணும்ண்ணா, சார்ஜிங்கே ஏறல, ஆல்டர்னேட்டர் போயிடுச்சு.” எண்ணைக் கண்ணால் பார்த்தபிறகு என்ன பேச முடியும்? அப்படியும் கொஞ்சம் யோசித்துக்கொண்டுதான் நின்றேன். அதற்குள் அவன் வாசலில் கிடந்த என் மகளின் சைக்கிளைப் பார்த்தான். செயின் தொய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலே குந்தி உட்கார்ந்து, பின்சக்கரத்து நட்டைத் தளர்த்தி, செயினை இழுத்துப் பிடித்து முறுக்கிக் கொடுத்தான். “இவ்வளவு லூசா இருந்தா கழண்டுரும் பாப்பா” என்றான். அவ்வளவுதான், நான் விழுந்தேன். காசு வாங்காமல் குழந்தை சைக்கிளைச் சரிசெய்கிறவன் நம்மை ஏமாற்றுவானா என்று தோன்றியது. வீட்டுக்காரம்மா காபி வேறு கொடுத்தாள்.

மறுநாள் வண்டியை எடுத்துப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விட்டார்கள். புது ஆல்டர்னேட்டர் 14,500, புது பெல்ட் 1,200, லேபர் 1,800, வண்டியை எடுத்துப்போய்த் திருப்பிவிட 900. ஆக மொத்தம் 18,400. பழைய ஆல்டர்னேட்டர் எங்கே என்று கேட்டதற்கு “அது எக்ஸ்சேஞ்ச்ல போயிடும்ண்ணா, விலையில கழிச்சாச்சு” என்றான். பில்லில் அப்படி ஒரு வரி இல்லை. மீட்டர் வைத்துக் காட்டினான், 14.2. சத்தமும் இல்லை. நானும் ஐந்து நட்சத்திரம் போட்டேன்! இதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

மூன்றாம் நாள் விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். விழுப்புரம் தாண்டியதும் என்ஜின் பக்கம் லேசாக ‘டகடக’ என்றது, ஏதோ கல் தெறிக்கிறது என்று நினைத்தேன். உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ஒரு அடி அடித்த மாதிரி சத்தம், உடனே பேட்டரி விளக்கு, ஏசியில் சூடான காற்று, வெப்ப முள் மேலே ஏற ஆரம்பித்தது. நல்லவேளை ஓரம் கட்டி உடனே என்ஜினை அணைத்தேன். என் வண்டியில் என்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் சூட்டில் ஹெட் கேஸ்கெட் என்கிற என்ஜின் சீல் போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், ஓலைக் கொட்டகையில் பட்டறை வைத்திருப்பவர், வந்து பார்த்தார். பெல்ட் கழன்று ஓரம் நார்நாராகியிருந்தது. என்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து, அதே பெல்ட்டை மாட்டி அரை நிமிடம் ஓடவிட்டு டென்ஷனர் கையைப் பார்க்கச் சொன்னார். அசைகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத்தான் அது நடுங்க வேண்டுமாம், இது ஒரு விரல்கடை துள்ளியது. அணைத்துவிட்டு அதன் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு ஒரே கையால் திருப்பினார், ஸ்பிரிங் எதிர்க்கவே இல்லை. புல்லியைச் சுற்றினால் கரகர, ஆட்டினால் ஆட்டம். “ஸ்பிரிங்கும் செத்துப்போச்சு, பேரிங்கும் போச்சு சார். பெல்ட்டு தொய்ஞ்சு வழுக்குனா ஆல்டர்னேட்டரு எப்படிச் சுத்தும்? புது பெல்ட்டு நாலு நாள் பிடிச்சிருக்கும், அதான் மீட்டர்ல நல்லா காட்டியிருக்கு.”

அப்புறம் ஆல்டர்னேட்டரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அழுக்குக்கு மேலேயே சில்வர் பெயிண்ட், போல்ட் தலையெல்லாம் தேய்ந்திருக்கிறது, ஸ்டிக்கர் கிடையாது. “இது ரீகண்டிஷன் பண்ண மால் சார். நாலஞ்சாயிரம் இருக்கும். உங்க பழசு நல்லாவே இருந்திருக்கும்.” என்னுடையதைத்தான் இந்நேரம் வேறு எவனுக்காவது பெயிண்ட் அடித்துப் பூட்டியிருப்பார்கள்.

விழுப்புரம் ஸ்பேர்ஸ் கடைக்குப் போன் போட்டு, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லி, டென்ஷனரும் பெல்ட்டும் வந்து சேரப் பதினொன்றரை. இரண்டும் சேர்த்து 3,650, அவர் கூலி 500. அந்த 500-ஐயும் தயங்கித் தயங்கித்தான் வாங்கினார். கழற்றிய டென்ஷனரைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார், நான் கேட்கவே இல்லை. ஊர் போய்ச் சேர ராத்திரி ஒன்பது. காதுகுத்து மறுநாள் காலை என்பதால் மானம் தப்பியது.

இனிதான் கூத்து. ஆப்பில் புகார் போட்டால் ‘தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’. பத்து நிமிடத்தில் ‘புகார் தீர்க்கப்பட்டது’. எங்கே தீர்ந்தது? மறுபடி போட்டேன். ஒரு பெண் பேசினார், பெல்ட் தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி கிடையாது சார் என்றார். நான் பெல்ட்டைக் கேட்கவில்லையம்மா, 18,400 ரூபாய்க்குத் தப்பான பாகத்தை மாற்றியதைக் கேட்கிறேன் என்றால், மேலதிகாரி கூப்பிடுவார் என்றார். கூப்பிடவில்லை. மூன்றாவது முறை வேறு ஒருவர், வெளி மெக்கானிக் கை வைத்துவிட்டதால் ஆறு மாத வாரண்டியே ரத்து என்றார். நெடுஞ்சாலையில் குழந்தையோடு நிற்கிறவன் இவர்கள் ஆளுக்காகத் தாம்பரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டுமாம்! கடைசியில் பெரிய மனசு பண்ணி அடுத்த சர்வீஸுக்கு 500 ரூபாய் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பையனைக் கூப்பிட்டால் முதல் ரிங்கிலேயே கட் ஆகிறது, பிளாக் செய்துவிட்டான் போல. குழந்தை சைக்கிளில் செயின் தொய்வைக் கண்டுபிடித்தவனுக்கு என்ஜினில் பெல்ட் தொய்வு தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தேதான் செய்திருக்கிறான் என்கிறேன் நான். வீட்டுக்காரம்மா இன்னும் “பாவம், கம்பெனி சொன்னதைச் செய்திருப்பான்” என்கிறாள்.

சோதிக்கும் முறையை விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், ஆனால் மணி ஒன்றாகிவிட்டது, தலை வலிக்கிறது. சுருக்கமாக: காலையில் கீச் சத்தம் வந்தால் ஓடும் என்ஜினில் பெல்ட்டின் பள்ளம் உள்ள பக்கத்தில் எட்ட நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சத்தம் கூடினால் தொய்வு, குறைந்து திரும்ப வந்தால் ஏதோ புல்லி நேர்க்கோட்டில் இல்லை. தொங்கும் உடை, தலைமுடி, கை, எதுவும் கிட்டே போகக் கூடாது. பெல்ட் மாற்றும்போதே டென்ஷனரையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், ‘எக்ஸ்சேஞ்ச்’ என்றால் பில்லில் எழுதச் சொல்லுங்கள். புதுப் பாகம் என்றால் உங்கள் முன்னால் அட்டைப்பெட்டியைப் பிரிக்கட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் அடித்துப் புகார் பதிவு செய்துவிட்டேன். அதிலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லையாம். டென்ஷனர் இப்போது என் மேஜைமேல்தான் இருக்கிறது, அதே துணியில்.