நீண்ட ஓட்டத்துக்கு இளநீரா, ஐசோடோனிக் பானமா?

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் இரண்டு மணி நேரம் ஓடினால், காலை 6 மணிக்குக்கூடச் சட்டை தொப்பலாகிவிடும். அந்த வியர்வையில் லிட்டருக்குச் சுமார் 1 கிராம் சோடியம் போகும்; ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும்.

சோடியம்: இளநீரில் பொட்டாசியம்தான் ஏராளம். சோடியம் காய்க்குக் காய் வேறுபடும், பெரும்பாலும் குறைவு. ஐசோடோனிக்கில் (உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த விளையாட்டுப் பானம்) 500 மில்லிக்கு 200 மில்லிகிராம் அளவில் நிச்சயமாகக் கிடைக்கும். அதுவும் போதாதுதான், நிறைய வியர்ப்பவர்கள் கால் டீஸ்பூன் உப்பை ஒரு லிட்டர் ஐசோடோனிக்கில் கலக்கலாம்.

சர்க்கரை: ஐசோடோனிக் 500 மில்லியில் சுமார் 25-30 கிராம், இளநீரில் 20.

வயிறு: சில ஐசோடோனிக் கேன்களில் உள்ள வாயு, ஓடும்போது வயிற்றை உப்ப வைக்கும். முந்தின இரவே பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி, மூடியை மெல்லத் திறந்து வாயுவை வெளியேற்றுங்கள். இளநீரை மடமடவென்று குடித்தால் சிலருக்கு வயிறு இளகும்.

விலை: இளநீர்தான் கூடுதல்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவோருக்கு ஐசோடோனிக். ஓடி முடித்தபின் உப்புக்கடலையோடு இளநீர் அருமை. ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பவருக்கு வெறும் தண்ணீரே போதும்.